வகையீட்டுக்கு ஒரு கோப்பை பிளேன்டீ

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். வகையீட்டுக் கணக்குகளை, அதாவது ஒன்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று காணும் கணக்குகளை, மளமளவென்று செய்வார்கள். விடை எதைச் சொல்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள். கைகொடுத்தது ஒரு கோப்பை பிளேன்டீயும் வெப்பமானியும்தான். நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபு கீறச் சொன்னேன். அப்புறம் இரண்டு புள்ளிகளுக்கு மேல் அடிமட்டத்தை வைத்து ஒரு நாண். புள்ளிகளை நெருக்க நெருக்க அடிமட்டம் மெல்லத் திரும்பி, வளைகோட்டை ஒரு புள்ளியில் தொட்டுச் செல்லும் தொடலியாகிறது. "அப்ப இந்தச் சாய்வுதான் அந்த நேரம் ஆறுற வேகமா, சேர்?" என்றாள் ஒருத்தி. எல்லையின், அதாவது புள்ளிகள் நெருங்க நெருங்கச் சாய்வு அணுகும் பெறுமானத்தின், வரைவிலக்கணத்தை அதற்குப் பிறகுதான் எழுதினேன்.

அறை 30 பாகை என்றால், 80 பாகையில் ஆறும் வேகம் 55இல் ஏறக்குறையப் பாதியாகிவிடும். தேநீருக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசம் 50இலிருந்து 25 ஆகிறதே! ஆறும் வேகம் இந்த வித்தியாசத்துக்கு விகிதசமம் என்பதுதான் நியூற்றனின் குளிரல் விதி. மின்விசிறி ஓடட்டும், காற்றோட்டத்தில்தான் விதி நன்றாகப் பொருந்தும். கொழும்பு வெக்கையில் யாரும் மறுக்கப்போவதில்லை.