லினாக் கருவியின் காலைச் சோதனை: பயிற்சியில் இருப்பவர்களுக்கு

கதிர்வீச்சுச் சிகிச்சைத் துறையில் பயிற்சிக்குச் சேருபவர்கள் மற்ற வேலைகளுக்கு முன், சிகிச்சைக்கான கதிரை உண்டாக்கும் லினாக் (நேரியல் முடுக்கி) கருவியின் காலைச் சோதனையைப் பழகிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அன்று வரும் ஒவ்வொரு நோயாளிக்கும் உரிய கதிரளவு, உரிய இடத்தில் சேருமா என்பது அந்தச் சோதனையில்தான் முதலில் தெரியவரும்.

கருவி வார்ம்-அப் முடிந்ததும் பாதுகாப்பு அமைப்புகளைப் பாருங்கள். கதவைத் திறந்தால் கதிர் உடனே நிற்க வேண்டும். கதிர் பாயும்போது எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். உள்ளே இருப்பவரைப் பார்க்கவும் அவருடன் பேசவும் முடிய வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் அது சரியாகும் வரை சிகிச்சையைத் தொடங்கக் கூடாது.

அடுத்து, சுவர் லேசர்கள் ஐசோசென்டரில் (கருவி எந்தப் புள்ளியை மையமாக வைத்துச் சுழல்கிறதோ அந்தப் புள்ளியில்) சந்திக்கின்றனவா என்று பாருங்கள். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் 142ஆம் பணிக்குழு 2009இல் வெளியிட்ட அறிக்கை, ஐஎம்ஆர்டி (கதிரின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றித் தரும் சிகிச்சை) செய்யும் கருவிக்கு 1.5 மி.மீ. வரையும், ஸ்டீரியோடாக்டிக் சிகிச்சை (சிறிய இலக்கில் மிகத் துல்லியமாக அதிகக் கதிரளவு தருவது) செய்யும் கருவிக்கு 1 மி.மீ. வரையும் விலகலை அனுமதிக்கிறது.

மிகுந்த கவனம் வேண்டியது கதிர் வெளியீட்டை அளப்பதில்தான். கேன்ட்ரியை (கருவியின் சுழலும் பகுதியை) சுழியம் டிகிரியில் நிறுத்தி, 10×10 செ.மீ. புலத்தில் (கதிர் விழும் பரப்பில்), ஒவ்வொரு நாளும் அதே தொலைவில், அதே எண்ணிக்கையிலான மானிட்டர் யூனிட்டுகளை (கருவி தரும் கதிரின் அலகுகளை) செலுத்தி அளவெடுங்கள். அடிப்படை அளவிலிருந்து 3%க்குள் இருந்தால் சிகிச்சையைத் தொடங்கலாம். காற்றுத் துளையுள்ள அயனி சேம்பரை (உள்ளிருக்கும் காற்றில் கதிர் உண்டாக்கும் மின்னூட்டத்தை அளக்கும் சாதனத்தை) பயன்படுத்தினால் வெப்பநிலைக்கும் காற்றழுத்தத்துக்கும் திருத்தம் செய்தாக வேண்டும்; வெப்பம் 3 டிகிரி செல்சியஸ் கூடினாலே சேம்பருக்குள் இருக்கும் காற்றின் அடர்த்தி குறைந்து, அளவு ஏறக்குறைய 1% குறைவாகக் காட்டும். ஆகவே அளவிடும் சாதனத்தை முன்கூட்டியே அறைக்குள் வைத்து, அறையின் வெப்பநிலைக்கு வரவிடுங்கள்.

அளவு வரம்பைத் தாண்டினால் முதலில் அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதுங்கள். அதன் பிறகே தொலைவு, புலம், திருத்தக் கணக்கு ஆகியவற்றைச் சரிபார்த்து மீண்டும் அளந்து, இரண்டாம் எண்ணையும் எழுதுங்கள். பிடிக்காத முதல் எண்ணை விட்டுவிட்டு, நன்றாக வந்ததை மட்டும் எழுதும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. இரண்டாம் முறையும் தாண்டினால் மருத்துவ இயற்பியலாளரை அழையுங்கள். கருவியின் அளவீட்டை மாற்றும் பொறுப்பு அவருடையது, பயிற்சியில் இருப்பவருடையதன்று.

வரம்புக்குள் இருக்கும் எண்களையும் வரைபடமாக்கிப் பார்க்கும்படி சொல்வேன். வெளியீடு வாரக்கணக்கில் ஒரே திசையில் மெல்ல நகர்வதும் ஒரே நாளில் 2% தாவுவதும் வெவ்வேறு காரணங்களால் நிகழ்பவை. அன்றைய எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் "சரி" என்றே தோன்றும்.

கதிரைப் பாதிக்கக்கூடிய பாகம் ஏதேனும் மாற்றப்பட்டிருந்தால் காலைச் சோதனை மட்டும் போதாது. இயற்பியலாளர் உரிய அளவீடுகளைச் செய்து கையெழுத்திட்ட பிறகே முதல் நோயாளியை உள்ளே அழைக்க வேண்டும்.