புதிய பரிசோதனைக் கருவி வாங்குவதற்கு முன் ஆதாரத்தை எடைபோடுவது எப்படி?

விற்பனையாளர் தரும் கையேட்டைப் பிரிக்கும் முன் ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: எந்த நோயாளிகளுக்கு, எந்தக் கருவி, இப்போது செய்துவரும் எந்தப் பரிசோதனைக்குப் பதிலாக, நோயாளிக்கு என்ன பலன். மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒன்றுமே செய்யாமலிருப்பதைவிட இது மேல் என்று காட்டும் ஆய்வு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கருவியைவிட மேல் என்று காட்டாது.

அடுத்தது துல்லியம். நோயுள்ளவர்களில் 90% பேரைப் பிடிக்கும், நோயில்லாதவர்களில் 95% பேரைச் சரியாக விலக்கும் என்று கையேடு சொல்கிறதா? உடனே கணக்குப் போடுங்கள். 10,000 பேரில் 1% பேருக்கு நோய் என்றால், அந்த 100 பேரில் 90 பேர் சிக்குவார்கள். மீதி 9,900 பேரில் 495 பேருக்கும் 'பாசிட்டிவ்' வரும். ஆக 585 பாசிட்டிவில் நிஜமானவை 90, அதாவது சுமார் 15%. அதே கருவியை, வருபவர்களில் 20% பேருக்கு நோயுள்ள சிறப்புப் பிரிவில் வைத்தால் பாசிட்டிவில் 82% நிஜம். கருவி அதேதான், வரும் ஆட்கள்தான் வேறு. அதனால் உங்கள் நோயாளிகளிடையே நோய் எவ்வளவு என்று தெரியாமல் கையேட்டு எண்ணை நம்பாதீர்கள்.

ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள் என்றும் பாருங்கள். நோய் முற்றியவர்களையும் முழு ஆரோக்கியமானவர்களையும் மட்டும் எடுத்தால் சுமாரான கருவிகூடக் கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். சந்தேகத்தோடு வந்தவர்களை வரிசையாகச் சேர்த்த ஆய்வைத் தேடுங்கள். பாசிட்டிவ் வந்தவர்களுக்கு மட்டும் நோயை உறுதிசெய்யும் பயாப்ஸி (திசுப் பரிசோதனை) செய்திருந்தால், கருவி தவறவிட்ட நோய்கள் கணக்கிலேயே வந்திருக்காது.

துல்லியமான கருவி என்பதாலேயே நோயாளி பிழைத்துவிடுவார் என்றும் இல்லை. மருந்துகளில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு: மாரடைப்புக்குப் பின் வரும் இதயத் துடிப்புக் கோளாறை என்கைனைடு, ஃப்ளெக்கைனைடு மாத்திரைகள் நன்றாகவே அடக்கின. ஆனால் இறப்பு கூடியது என்று 1989இல் காஸ்ட் (CAST) என்ற மருந்துப் பரிசோதனை ஆய்வு காட்டியது. ஈசிஜி சீரானதை மட்டும் பார்த்திருந்தால் அது தெரிந்திருக்காது.

'ஆபத்து 50% குறைகிறது' என்றால், எதிலிருந்து எதற்கு என்று கேளுங்கள். 2% என்பது 1% ஆனால் 100 பேருக்குச் செய்து ஒருவருக்குத்தான் பலன்.

கடைசியாகச் செலவு. கருவியின் விலையோடு நிற்காமல் ரீஏஜென்ட் (பரிசோதனைக்கான வேதிப்பொருள்), அளவுத்திருத்தம், உத்தரவாதம் முடிந்தபின் பராமரிப்பு ஒப்பந்தம், பயிற்சி எல்லாவற்றையும் ஐந்தாண்டுக்குக் கூட்டுங்கள். பொய்யாகப் பாசிட்டிவ் வந்த அந்த 495 பேருக்குச் செய்யவேண்டிய மறுபரிசோதனைகளும் இந்தக் கணக்கில்தான் வரும்; விற்பனையாளர் தரும் விலைப்புள்ளியில் அதற்கென்று இடம் இருக்காது.