செய்தி வேறு, விளம்பரம் வேறு: சிறு தொழில் செய்பவர்கள் ஊடகத்தில் செய்யும் தவறுகள்

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு (அந்த ஊருக்கே உரிய பொருள் என்ற சட்ட அங்கீகாரம்) கிடைத்தது பத்திரிகைகளில் செய்தியாக வந்தது. அதே ஊரில் மிட்டாய் போடும் ஒருவர், "எங்கள் மிட்டாய் தரமானது, சுவையானது" என்று எழுதி நிருபருக்கு அனுப்பினால் வராது. முதலாவது ஊருக்கே சம்பந்தப்பட்ட விஷயம், இரண்டாவது விளம்பரம். இந்த வித்தியாசம் பிடிபடாததால்தான் பலர் "பத்திரிகைக்காரர்கள் நம்மைக் கண்டுகொள்வதே இல்லை" என்று மனம் வெறுத்துப் போகிறார்கள்.

உங்கள் தொழிலில் செய்தி எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். நிலக்கடலையைச் சுற்றுவட்டார விவசாயிகளிடமே நேரடியாக வாங்குகிறீர்களா? கைவிடப்பட்ட பழைய பக்குவம் ஒன்றைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறீர்களா? அதை நாலு வரியில் எழுதி, பெயர், ஊர், தொலைபேசி எண்ணோடு, தெளிவான இரண்டு படங்களையும் சேர்த்து உங்கள் பகுதி நிருபருக்கு அனுப்புங்கள். சென்னை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பதை விட இது பலன் தரும். மாலையில் பக்கம் முடிக்கும் பரபரப்பில் இருப்பவரைக் கூப்பிட்டு "எப்போது வரும்" என்று நச்சரிக்காதீர்கள். அச்சுக்குப் போகும் முன் காட்டச் சொல்வதும் கூடாது. பணம் வைத்து 'கவர்' கொடுப்பது இதையெல்லாம் விட மோசம். நேர்மையாக வேலை செய்யும் நிருபரை அது அவமதிக்கிறது. அப்படி வாங்கிக்கொண்டு எழுதப்படும் செய்தியையும் வாசகர் எளிதில் கண்டுகொள்வார்.

பணம் கட்டினால் 'சிறந்த தொழில்முனைவோர் விருது' தருகிறோம் என்று வரும் அழைப்புகளுக்கும் மயங்க வேண்டாம். அந்தப் பணத்துக்குப் பண்டிகை நேரத்தில் உள்ளூர்ப் பதிப்பில் ஒரு நல்ல விளம்பரம் கொடுக்கலாம்.

சமூக ஊடகத்தில் எனக்கு மிகவும் கவலை தருவது மருத்துவப் பேச்சு. மரச்செக்கு எண்ணெய், சிறுதானியம், கருப்பட்டி விற்பவர்கள் "சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்" என்று ரீல்ஸில் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். நீரிழிவைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் உணவு விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அபராதத்தை விடுங்கள், அதை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? நல்ல எண்ணெய் என்றால் மணத்தையும் ஆட்டும் முறையையும் காட்டினால் போதும்.

காசு கொடுத்து ஃபுட் விளாகரை வரவழைத்தால், அது விளம்பரம் என்று வீடியோவில் தெரியும்படி போடச் சொல்லுங்கள். விளம்பரத் துறையே நடத்தும் கண்காணிப்பு அமைப்பான இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் (ASCI) 2021 முதல் இதை வலியுறுத்துகிறது. அப்படியொரு வீடியோ வந்த மறுநாள் கடையில் சரக்கும் இருக்க வேண்டும், போனை எடுக்க ஆளும் இருக்க வேண்டும். தூரத்திலிருந்து வந்து வெறுங்கையோடு திரும்புகிறவர், அந்த வீடியோவுக்குக் கீழேயே தன் கோபத்தை எழுதிவிட்டுப் போவார்.

பதிவில் விலையைப் போடாமல், "விலை தெரிய இன்பாக்ஸுக்கு வாங்க" என்று எழுதுவதையும் கைவிடலாம். விலையைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் அப்படியே அடுத்த பக்கத்துக்கு நகர்ந்துவிடுகிறார்கள். பின்தொடர்பவர்களைக் காசுக்கு வாங்குவதும் வீண், அவர்களில் ஒருவரும் மிட்டாய் வாங்கப் போவதில்லை. கடை விளம்பரத்தில் சினிமாப் பாட்டைப் போட்டால், உரிமையாளர் புகார் செய்து வீடியோவே காணாமல் போகலாம்.

கடைசியாக, எல்லாவற்றையும் ஒரே செயலியில் வைக்காதீர்கள். 2020 ஜூன் மாத இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் சேர்த்து வைத்த பார்வையாளர்களை ஒரே நாளில் இழந்தார்கள். வாங்குகிறவர்களின் சம்மதத்தோடு அவர்களுடைய தொலைபேசி எண்களை உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள். கூகுள் மேப்பில் கடையின் எண்ணும், திறக்கும் நேரமும், விடுமுறை நாளும் சரியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.