பிஎச்பிபிபி இன்ஸ்டால் பாதியில நிக்குதா? எரர் லாக்ல இருந்து ஆரம்பிங்க

லினக்ஸ்ல பிஎச்பிபிபி (பிஎச்பில எழுதின ஃபோரம் சாஃப்ட்வேர்) போடுறது பெரிய வேலை இல்ல. ஆனா நின்னுச்சுன்னா எங்க நின்னுச்சுன்னே தெரியாது, ஏன்னா வெப் சர்வர், பிஎச்பி, டேட்டாபேஸ், ஃபைல் பெர்மிஷன் நாலும் ஒழுங்கா இருக்கணும், எதுல கோளாறு வந்தாலும் பாதி நேரம் வர்றது அதே வெள்ளைப் பக்கம்தான். அதனால எது மக்கர் பண்ணுதுன்னு தெரியுற வரைக்கும் எதையும் அழிச்சுட்டு மறுபடி போடாதீங்க, அழிச்சா தடயமும் சேர்ந்து போயிடும்.

வெள்ளைப் பக்கம் வந்தா பிஎச்பில எரர் இருக்கு, ஆனா அதை ஸ்கிரீன்ல காட்டுற செட்டிங் ஆஃப்ல இருக்குன்னு அர்த்தம். எரர் லாக்ல அது எழுதியிருக்கும். டெபியன், உபுண்டு வகை லினக்ஸ்ல அப்பாச்சி வெப் சர்வர் போட்டிருந்தா வார் ஃபோல்டர்ல லாக், அதுக்குள்ள அப்பாச்சி2 ஃபோல்டர்ல எரர் லாக் கிடக்கும். ஃபெடோரா, ராக்கி மாதிரி லினக்ஸ் வச்சிருக்குறவங்க எச்டிடிபிடி ஃபோல்டரைப் பாருங்க, பக்கத்துலயே பிஎச்பி எஃப்பிஎம் (பிஎச்பியை தனியா ஓட்டுற சர்வீஸ்) ஃபோல்டரும் இருக்கும், அங்க பிஎச்பி எரர் பெரும்பாலும் அதுலதான் விழும். ஒரு டெர்மினல்ல டெயில் கமாண்டை மைனஸ் எஃப் போட்டு ஓட விட்டுட்டு பிரவுசர்ல ரீஃப்ரெஷ் அடிங்க, அந்த நொடி எந்த வரி வந்து விழுதோ அதுதான் உங்க பிரச்சனை.

பேஜுக்கு பதிலா பிஎச்பி கோட் அப்படியே டெக்ஸ்டா தெரியுது, இல்ல ஃபைலா டவுன்லோட் ஆகுதுன்னா வெப் சர்வருக்கு பிஎச்பின்னா என்னன்னே தெரியல. அப்பாச்சின்னா பிஎச்பி மாட்யூல் போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. என்ஜின்எக்ஸ் வெப் சர்வர்னா எஃப்பிஎம் சர்வீஸ் ஓடுதா, கான்ஃபிக்ல குடுத்த சாக்கெட் (ரெண்டு சர்வீஸும் பேசிக்குற ஃபைல்) பேரும் நிஜமா இருக்குற சாக்கெட் பேரும் ஒண்ணான்னு பாருங்க. பிஎச்பி வெர்ஷன் மாறும்போது சாக்கெட் ஃபைல் பேர்ல இருக்குற நம்பரும் மாறிடும், அப்பதான் 502 எரர் வரும்.

அடுத்தது எல்லாரையும் குழப்புற விஷயம். டெர்மினல்ல பிஎச்பி மைனஸ் எம் அடிச்சா எம்பிஸ்ட்ரிங், எக்ஸ்எம்எல் மாதிரி எக்ஸ்டென்ஷன் எல்லாம் இருக்குன்னு சொல்லும், இன்ஸ்டாலர் மட்டும் இல்லன்னு அடம் பிடிக்கும். ரெண்டு பேரும் பொய் சொல்லல. டெபியன் வகையில டெர்மினல் பிஎச்பிக்கு ஒரு பிஎச்பி ஐஎன்ஐ (செட்டிங்ஸ்) ஃபைல், அப்பாச்சிக்கு ஒண்ணு, எஃப்பிஎம்முக்கு ஒண்ணு, தனித்தனி ஃபோல்டர்ல இருக்கு. சில சமயம் ரெண்டு பக்கமும் ஓடுற வெர்ஷனே வேற. பிஎச்பி இன்ஃபோ ஃபங்ஷனை கூப்பிடுற ஒரு சின்ன ஃபைலை வெப் ஃபோல்டர்ல வச்சு பிரவுசர்ல திறந்தா நிஜமா எந்த வெர்ஷன், எந்த ஐஎன்ஐன்னு தெரிஞ்சிடும். பார்த்ததும் அந்த ஃபைலை டெலீட் பண்ணிடுங்க, சர்வர் ஜாதகமே அதுல இருக்கு. பிஎச்பிபிபி 3.3க்கு பிஎச்பி 7.2ஆவது வேணும், கூடவே ஜேசான், எக்ஸ்எம்எல், உங்க டேட்டாபேஸுக்கான டிரைவர். பேக்கேஜ் போட்டா மட்டும் போதாது, சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணணும்.

கம்போசர் (பிஎச்பி லைப்ரரிகளை இறக்குற கருவி) டிபெண்டென்சி செட் பண்ணலன்னு மெசேஜ் வந்தா நீங்க எடுத்தது கிட்ஹப்ல இருக்குற மூலக் கோட், அதுல வெண்டர் ஃபோல்டர் இருக்காது. ரிலீஸ் பேக்கேஜை எடுத்து போடுங்க, கம்போசரோட மல்லுக்கட்ட வேணாம்.

இப்ப டேட்டாபேஸ். இன்ஸ்டாலர்ல ரூட் யூசரும் பாஸ்வேர்டும் குடுத்துட்டு ஆக்சஸ் டினைட்னு வருதேன்னு உக்காந்திருப்பாங்க. டெபியன், உபுண்டுல மரியாடிபி டேட்டாபேஸ் ரூட் யூசரோட பாஸ்வேர்டை பார்க்குறதே இல்ல, லினக்ஸ்ல நீங்க ரூட்டா வந்தீங்களான்னுதான் பார்க்கும், அதனால வெப் பக்கத்துல இருந்து சரியான பாஸ்வேர்ட் குடுத்தாலும் 1698 எரர்தான். அதை மாத்த போகாதீங்க. புதுசா ஒரு டேட்டாபேஸ், புதுசா ஒரு யூசர், அந்த டேட்டாபேஸுக்கு மட்டும் முழு உரிமை, அவ்வளவுதான். 1045ன்னா யூசர் பேரோ பாஸ்வேர்டோ தப்பு, 1049ன்னா அந்தப் பேர்ல டேட்டாபேஸே இல்ல. 2002 வந்தா மொதல்ல சர்வீஸ் ஓடுதான்னு பாருங்க, ஓடியும் வந்தா லோக்கல்ஹோஸ்ட்னு போட்ட இடத்துல 127.0.0.1 போட்டு பாருங்க, ஏன்னா லோக்கல்ஹோஸ்ட்னா சாக்கெட் ஃபைலைத் தேடும், நம்பர் போட்டா நெட்வொர்க் வழியா போகும். அதே யூசர் பாஸ்வேர்டோட டெர்மினல்ல உள்ள போக முடியுது, இன்ஸ்டாலர்ல மட்டும் முடியலன்னா கோளாறு டேட்டாபேஸ்ல இல்ல, பிஎச்பி பக்கம் போங்க. முன்னாடி பாதியில நின்ன இன்ஸ்டால் டேபிள்களை விட்டுட்டு போயிருந்தா அதே பிரிஃபிக்ஸ் (டேபிள் பேருக்கு முன்னாடி வர்ற எழுத்து) ஏற்கனவே இருக்குன்னு கத்தும், காலி பண்ணிட்டு வாங்க.

பெர்மிஷன்னு வந்தாலே 777 போடுன்னு சொல்ற ஆளுங்க எங்கயும் உண்டு. அந்த மெஷின்ல இருக்குற எவன் வேணும்னாலும் எழுதலாம்னு கதவைத் திறந்து விடுறதுதான் அது, எதுக்கு? கேஷ், ஃபைல்ஸ், ஸ்டோர், இமேஜஸ்ல அவதார் அப்லோட் ஃபோல்டர், இந்த நாலுக்கும் கான்ஃபிக் ஃபைலுக்கும் மட்டும் வெப் சர்வர் எழுதினா போதும். ஓனரை வெப் சர்வரோட யூசருக்கு மாத்துங்க, உபுண்டு டெபியன்ல டபிள்யூடபிள்யூடபிள்யூ டேட்டா, ஃபெடோரால அப்பாச்சி, ஆர்ச்ல எச்டிடிபி. எல்லாம் சரியா இருந்தும் 403 (அனுமதி இல்ல) வந்தா மேல இருக்குற ஃபோல்டர் ஏதோ ஒண்ணு வழியை மறிக்குது. உபுண்டு 21.04ல இருந்து ஹோம் ஃபோல்டர் 750தான், ஹோம்குள்ள வச்சா வெப் சர்வரால நுழையவே முடியாது. நேம்ஐ கமாண்டை மைனஸ் எல் போட்டு முழு பாத்தையும் குடுத்தா ஒவ்வொரு படியிலயும் ஓனரும் பெர்மிஷனும் வரிசையா வரும், எங்க அடைபடுதுன்னு பார்த்ததும் தெரியும்.

ஃபெடோரா, ராக்கில இதெல்லாம் சரியா இருந்தும் எழுத முடியலன்னா காரணம் எஸ்இலினக்ஸ், ஃபைல் மேல இருக்குற லேபிளைப் பார்த்து அனுமதி குடுக்குற கூடுதல் பாதுகாப்பு. ஹோம்ல அன்ஜிப் பண்ணிட்டு மூவ் பண்ணியிருந்தா பழைய லேபிளோடயே வந்து உக்காந்திருக்கும், எல்எஸ்ல பெரிய இசட் போட்டா தெரியும். ரீஸ்டோர்கான் ஓட்டினா படிக்குற லேபிள் கிடைக்கும், எழுத வேண்டிய அந்த நாலு ஃபோல்டருக்கும் கான்ஃபிக் ஃபைலுக்கும் மட்டும் எழுதுற லேபிள் தனியா செமேனேஜ் கமாண்ட்ல குடுத்துட்டு ரீஸ்டோர்கானை மறுபடி ஓட்டணும். எஸ்இலினக்ஸை ஆஃப் பண்றது தீர்வு கிடையாது, சந்தேகம் இருந்தா டெஸ்டுக்கு ரெண்டு நிமிஷம் பெர்மிசிவ்ல வச்சு பார்த்துட்டு திரும்ப மாத்திடுங்க.

என்ஜின்எக்ஸ்ல இன்ஸ்டாலரோட முதல் பக்கம் வருது, அடுத்த பட்டனை அமுக்கினா 404ன்னா, ஆப் டாட் பிஎச்பிக்குப் பின்னாடி ஸ்லாஷ் போட்டு வர்ற பாதையை உங்க கான்ஃபிக் பிஎச்பிக்கு அனுப்பல. டாட் பிஎச்பில முடியுற முகவரிக்கு மட்டும்னு எழுதியிருப்பீங்க, அதுக்கு அப்புறம் ஸ்லாஷ் வந்தாலும் சேர்த்து பிடிக்குற மாதிரி மாத்துங்க.

முடிஞ்சதும் இன்ஸ்டால் ஃபோல்டரை அழிங்க, அது இருக்குற வரைக்கும் போர்டு மத்தவங்களுக்கு திறக்காது, கான்ஃபிக் ஃபைலோட எழுதுற உரிமையையும் எடுத்துடுங்க. லாகின் பண்ணா உடனே வெளியே தள்ளுதுன்னா அட்மின் பேனல்ல குக்கி செட்டிங்ஸ் பாருங்க, எச்டிடிபிஎஸ் இல்லாம செக்யூர் குக்கி ஆன்ல இருக்கும், இல்ல டொமைன் பேர் தப்பா இருக்கும். அட்மின் பேனலுக்கே போக முடியலன்னா டேட்டாபேஸ்ல கான்ஃபிக் டேபிள்ல குக்கி செக்யூர்னு இருக்குற வரியை 0 ஆக்கிட்டு, கேஷ் ஃபோல்டர்ல ப்ரொடக்ஷனை காலி பண்ணிட்டு திரும்ப லாகின் பண்ணுங்க.