வளவுக்குள் வந்த வடிகால்

திருகோணமலையில் எங்கள் ஒழுங்கைக்கு உள்ளூராட்சிச் சபை புதிதாகக் கட்டிய வடிகால், எங்கள் மதிலோரம் வந்து திடீரென்று நின்றுவிட்டது. கார்த்திகை மழையில் ஒழுங்கைத் தண்ணீர் முழுவதும் வளவுக்குள் பாய்ந்து மதிலின் அத்திவாரத்தை அரித்தது. ஒரு தென்னையும் சாய்ந்தது.

முதலில் சத்தம் போட்டுப் பார்த்தேன். "மழைக்கு நாங்கள் என்ன செய்வது?" என்றார் உள்ளூராட்சி அலுவலர். மழை அவருடைய குற்றமல்லதான். ஆனால், பரந்து வடிந்த தண்ணீரைச் சேர்த்து ஒரே இடத்தில் கொட்டியது மழையா? வழக்கு இந்த வேறுபாட்டில்தான் நிற்கும் என்றார் சட்டத்தரணி. வடிகால் கட்டச் சபைக்கு அதிகாரம் உண்டு, கவனயீனமாகக் கட்ட இல்லை.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வேலைத்திட்ட வரைபடத்தைக் கேட்டேன். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். வந்த வரைபடத்தில் வடிகால் பிரதான வாய்க்கால் வரை போகிறது. நிலத்தில் இருபது அடி குறைகிறது!

அந்த வரைபடம், திகதியிட்ட படங்கள், மேசனின் செலவு மதிப்பீடு எல்லாவற்றையும் இணைத்து, வழக்குக்கு முந்திய எழுத்துமூல அறிவித்தலைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். சபைக்கு எதிரான வழக்குக்குக் காலக்கெடு குறுகியது, ஆறப்போடக்கூடாது.

மாசிக்குள் வடிகாலை நீட்டி, மதிலையும் கட்டித் தந்தார்கள். தென்னைக்கு மட்டும் ஒரு சதமும் வரவில்லை. அம்மா இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.