ஜோசன் அரண்மனை ராணிகள் வரலாற்றை குழப்பமில்லாம படிக்கிறது எப்படி

ஜோசன் (கொரியாவை ஆண்ட அரச வம்சம்) வரலாறு படிக்க ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர் ராஜாக்கள் லிஸ்ட்டை கையில வச்சுக்கிட்டு உட்கார்றாங்க, பாதி தூரம் போனதும் யார் யாரை எதுக்கு கொன்னாங்கன்னே புரியாம விட்டுடறாங்க. லிஸ்ட்டை ஓரமா வைங்க. ஒரு ராஜா செத்தாரா, அன்னைக்கு அரண்மனையில உயிரோட இருந்த மூத்த விதவை ராணி யாருன்னு மொதல்ல தேடுங்க. அவங்க பட்டம் டேபி. வாரிசு யாருன்னு தெளிவா இல்லைன்னா அவங்க வாய்ல வர்ற பேர்தான் அடுத்த ராஜா, அந்தப் பையன் சின்னவனா இருந்தா திரைக்குப் பின்னாடி உட்கார்ந்து ஆள்றதும் அவங்கதான்.

1469-ஐ வச்சு பழகிப் பாருங்க. யேஜோங் பட்டத்துக்கு வந்து ஒண்ணேகால் வருஷத்துக்குள்ள செத்துட்டாரு, மகனுக்கு மூணு நாலு வயசுதான். யேஜோங்கோட அம்மா ஜோங்ஹி அன்னைக்கே தன்னோட இன்னொரு பேரன் சோங்ஜோங்கை சிம்மாசனத்துல ஏத்திட்டாங்க. அவனுக்கு வோல்சான்னு அண்ணன் இருந்தான், உடம்பு சரியில்லைன்னு சொல்லி தள்ளிட்டாங்க. ஆனா தம்பியோட மாமனார் யாருன்னு பாருங்க, அந்தக் காலத்துல பெரிய செல்வாக்கு இருந்த மந்திரி ஹான் ம்யோங்ஹே! அதனாலதான் மாமனார் பேரையும் நோட்ல எழுதிக்கணும்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றேன். ஜோங்ஹி 1476 வரைக்கும் ஆண்டாங்க, ஜோசன்ல அப்படி ஆண்ட மொத ராணி அவங்கதான்.

அடுத்தது பிறந்த வீடு. அங்க கல்யாணம் ஆனாலும் பொண்ணுங்களுக்கு அப்பா வீட்டு குடும்பப் பேர்தான், அதனால "யூன்"னு பார்த்ததும் எல்லாரும் சொந்தம்னு நினைச்சுடாதீங்க, பூர்வீக ஊரையும் சேர்த்து எழுதுங்க. ஜோங்ஹி பாப்யோங் ஊர் யூன், சோங்ஜோங்கோட ராணியா இருந்து 1482-ல விஷம் குடுத்து கொல்லப்பட்டவங்க ஹாமான் ஊர் யூன், வேற குடும்பம். அந்த ராணியோட பிள்ளைதான் யோன்சான்குன், அம்மா சாகும்போது அவனுக்கு ஆறு வயசுகூட முடியலை, 1504-ல ராஜாவா இருந்து அந்தச் சாவுக்கு சம்பந்தப்பட்டவங்களை தேடித் தேடி கொன்னான். தாய் எப்படி செத்தாங்கன்னு எழுத நோட்ல ஒரு தனி கட்டம் கண்டிப்பா போட்டுக்குங்க.

ஒரே பூர்வீகமா இருந்தாலும் சண்டை உண்டு. 1545-ல, ஜுங்ஜோங் ராஜாவோட விதவை முன்ஜோங் ராணியும் அவங்க தம்பி யூன் வோன்ஹ்யோங்கும் ஒழிச்ச யூன் இம்மும் பாப்யோங் யூன்தான், அவரு ஜுங்ஜோங்குக்கு முன்ஜோங்குக்கு முந்தி இருந்த ராணியோட அண்ணன்.

முன்ஜோங்கைப் பத்தி படிக்கும்போது மட்டும் கொஞ்சம் நிதானம் வேணும். அரண்மனைக் குறிப்புகளை எழுதினவங்க கன்ஃபூசிய படிப்பு படிச்ச ஆம்பளை அதிகாரிங்க, அந்தம்மாவோ புத்த பிக்குகளுக்கு நின்னுபோன பரீட்சையை திரும்ப கொண்டுவந்தவங்க, அதனால திட்டு எங்க முடியுது, நடந்தது எங்க ஆரம்பிக்குதுன்னு பிரிச்சுப் பாருங்க. 1565-ல அவங்க கண்ணை மூடினாங்க. தம்பி பதவியும் போச்சு, உயிரும் போச்சு, அதே வருஷத்துல.