கரையைக் கட்டும்போது மறந்துபோகும் நைட்ரஜன்

நகரத்து ஆற்றங்கரையில் சுவர் எழுப்பும் திட்ட அறிக்கையைப் பிரித்தால் வெள்ளத்தின் அளவு இருக்கும், மண்ணின் தாங்குதிறன் இருக்கும், கான்கிரீட்டின் கனம் இருக்கும். நைட்ரஜன் என்ற சொல் அநேகமாக இருக்காது. ஆறு முடிந்து ஊர் தொடங்கும் எல்லைக்கோடாகவே கரையைப் பார்ப்பதால் நேரும் விடுபாடு இது. ஆனால் கரைக்கு அகலம் உண்டு, ஆழம் உண்டு. அதன் ஈர மண்ணுக்குள் இரவும் பகலும் ஒரு வேலை நடக்கிறது. அந்த வேலை தெரியாமல் கட்டுவதுதான் பின்னால் வரும் பல தவறுகளுக்கும் வேர்.

கழிவுநீர்க் குழாய்க் கசிவு, தோட்டங்களுக்கு இடும் உரம், விலங்குகளின் கழிவு, வாகனப் புகை எனப் பல வழிகளில் நகர மண்ணில் நைட்ரஜன் சேர்கிறது. அதில் ஒரு பகுதி அம்மோனியம் என்ற சேர்ம வடிவில் இருக்கும். காற்றோட்டமுள்ள மண்ணில் நுண்ணுயிர்கள் அந்த அம்மோனியத்தை, நீரில் எளிதில் கரையும் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. களிமண் துகள்களைப் போலவே நைட்ரேட்டுக்கும் எதிர்மின்சுமை இருப்பதால் மண் அதைப் பிடித்துவைப்பதில்லை. நிலத்தடி நீரோடு சேர்ந்து ஆற்றை நோக்கி நகர்கிறது. ஆற்றைத் தொடுவதற்குச் சற்று முன்னால் அது கரையோரச் சதுப்பு மண்ணுக்குள் நுழைகிறது. அங்கே ஆக்சிஜன் தீர்ந்திருக்கும். மட்கிய இலையும் வேரும் தின்று வாழும் பாக்டீரியாக்கள், ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைக் கொண்டு சுவாசித்து, அதை நைட்ரஜன் வாயுவாக மாற்றிக் காற்றுக்குத் திருப்பி அனுப்புகின்றன. இதுதான் நைட்ரேட் நீக்கம். நைட்ரேட், ஆக்சிஜன் இல்லாத ஈரம், உணவாகும் கரிமப் பொருள், போதிய நேரம் ஆகிய நான்கும் ஓரிடத்தில் கூடினால்தான் இது நடக்கும். கரையில் நாம் செய்யும் ஒவ்வொரு வேலையும் இந்த நான்கில் எதையாவது தொடுகிறது.

சுவரின் முகத்தை மட்டும் பார்ப்பது முதல் தவறு. சிக்கல் சுவருக்குப் பின்னால் இருக்கிறது. நிலத்தடி நீர் முதுகில் அழுத்தினால் சுவர் சாய்ந்துவிடும் என்பதால் பின்புறம் ஜல்லி நிரப்பி, சுவரில் கசிவுத் துளைகள் விடுகிறார்கள். சுவரின் பாதுகாப்புக்கு அது தேவைதான். ஆனால் ஈர மண்ணில் நாள்கணக்கில் ஊர்ந்திருக்க வேண்டிய நீர், ஜல்லி வழியே விரைந்து துளைக்கு வந்து, சுமந்த நைட்ரேட் முழுவதையும் ஆற்றில் கொட்டிவிடுகிறது. மழைநீர் வடிகாலும் இப்படித்தான். கரையில் 30 மீட்டர் அகலத்துக்கு மரங்கள் இருக்கலாம். அவற்றுக்கு அடியில் ஒரு குழாய் போனால் அதற்குள் செல்லும் நீருக்கு அந்த மரங்கள் இல்லாததற்குச் சமம். பசுமைப் பட்டையின் அகலத்தைச் சொல்லித் திருப்தி அடைவதைவிட, நீர் எந்த வழியாக ஆற்றை அடைகிறது என்று வரைபடத்தில் குறித்துப் பார்ப்பது மேல்.

அடுத்த தவறு இன்னும் நுட்பமானது: கான்கிரீட்டைத் தவிர்த்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை. கூரைகளிலும் சாலைகளிலும் விழும் மழை மண்ணில் இறங்காமல் ஒரே வேகத்தில் ஆற்றுக்கு ஓடி வருகிறது. கரைகளை நெருக்கிக் கட்டியிருந்தால் அந்த வேகம் பக்கவாட்டில் பரவ வழியின்றிப் படுகையைத் தோண்டுகிறது. ஆறு தாழ்ந்தால் கரையோர நிலத்தடி நீர்மட்டமும் தாழும். மட்கு நிறைந்த மேல்மண் மேலேயே உலர்ந்து கிடக்க, நீர் அதற்கு எட்டாத ஆழத்தில் ஓடுகிறது. உலர்ந்த மண்ணில் ஆக்சிஜன் புகுந்ததும் வேலை தலைகீழாகிறது. நைட்ரேட்டை நீக்கிவந்த கரையே நைட்ரேட்டை உற்பத்தி செய்யத் தொடங்குகிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகர ஓடைகளில் ஆய்வாளர்கள் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். அங்குள்ள மைன்பேங்க் ரன் என்ற ஓடையைச் சீரமைத்த பிறகு அளந்தபோது, வெள்ளநீர் ஏறி இறங்கும் தாழ்வான கரைகளில் நைட்ரேட் நீக்கம் அதிகமாகவும், ஓடையோடு தொடர்பற்ற உயரமான கரைகளில் குறைவாகவும் இருந்தது. செங்குத்தான உயரக் கரையின் உச்சியில் மரக்கன்றுகளை வரிசையாக நட்டுவிட்டு ஆறு மீண்டுவிட்டது என்று அறிவிப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. அந்த மரங்கள் நிழல் தரும், பறவைகளுக்கு இடம் தரும். நீரையும் மட்கையும் சந்திக்க வைக்க அவற்றால் ஆகாது. அதற்குக் கரையைச் சரித்துத் தாழ்த்த வேண்டும், அல்லது படுகையை உயர்த்த வேண்டும்.

அப்படிச் செய்தால் வெள்ளம் ஊருக்குள் வராதா என்ற கேள்வி நியாயமானது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஈசர் ஆற்றின் சுமார் 8 கிலோமீட்டர் நீளத்தில் 2000 முதல் 2011 வரை நடந்த பணியில், இறுகிய கரைகளைத் தளர்த்தி ஆற்றுக்கு அகலம் கொடுத்ததும் வெள்ளத் தடுப்புத் திட்டத்தின் ஒரு பகுதிதான். இடம் இருக்கும் நகரங்களில் இரண்டும் ஒன்றாக முடியும்.

கட்டிய பிறகு கரையில் புல்தரை அமைத்து உரம் இடுவதைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை: நைட்ரேட்டை வடிகட்ட வேண்டிய இடத்தில் அதையே கொட்டுகிறோம்.

கட்டுமானம் நடக்கும் மாதங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. செடிகளை வெட்டியதும் நைட்ரேட்டை உறிஞ்ச வேர் இல்லை. மண்ணைக் கிளறியதும் காற்றுப் புகுந்து மட்கு வேகமாகச் சிதைகிறது. அமெரிக்காவின் ஹப்பர்ட் புரூக் காட்டில் 1965-இல் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியின் மரங்கள் முழுவதையும் வெட்டி, மறுபடி துளிர்க்காமலும் தடுத்தபோது, ஓடையின் நைட்ரேட் பல பத்து மடங்கு உயர்ந்தது. காடு வேறு, நகரம் வேறு, காரணம் ஒன்றுதான். ஆகவே கரை முழுவதையும் ஒரே நாளில் உரிக்காமல் துண்டு துண்டாகத் திறந்து மூடுவது நல்லது. தோண்டிய மேல்மண்ணை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு வெறும் நிரப்பு மண்ணைக் கொட்டுவது இதைவிடப் பெரிய இழப்பு. பாக்டீரியாக்களின் உணவு அந்த மேல்மண்ணில்தான் இருந்தது. புது மண்ணில் அது சேர ஆண்டுகள் பிடிக்கும். மேல்மண்ணைத் தனியே குவித்து வைத்துத் திரும்பப் பரப்புங்கள்.

இனி அளவீடு. ஆறு சுவர்ப் பகுதிக்குள் வரும் இடத்தைவிட அதைக் கடந்து போகும் இடத்தில் நைட்ரேட் குறைந்திருந்தால் கரை சுத்திகரித்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. வேறு நீர் கலந்து நீர்த்துப்போயிருக்கலாம். நுண்ணுயிர்கள் குளோரைடைத் தொடுவதில்லை என்பதால் அதையும் சேர்த்து அளந்தால் இது தெரிந்துவிடும். இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்தால் அது நீர்ப்பு. குளோரைடு நிற்க நைட்ரேட் மட்டும் இறங்கினால் ஏதோ அதை எடுத்திருக்கிறது. ஆக்சிஜனே இல்லாத சாக்கடை ஆற்றிலும் நைட்ரேட் குறைவாகத்தான் காட்டும், ஏனென்றால் அங்கே நைட்ரஜன் அம்மோனியமாகவே தேங்கிக் கிடக்கிறது. மொத்த நைட்ரஜனையும் கேளுங்கள். அலகையும் பாருங்கள்: குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட், அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டால் சுமார் 11 மில்லிகிராம். ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் நான்கு மடங்குக்கு மேல் பிழை.

எப்போது அளக்கிறோம் என்பதும் முக்கியம். கரை மரங்களை வெட்டினால் நீரில் வெயில் விழுகிறது, பாசி பெருகுகிறது. பாசியின் ஒளிச்சேர்க்கையால் பிற்பகலில் நீரின் காரத்தன்மை ஏறும். காரமும் வெப்பமும் ஏறினால் அம்மோனியத்தில் ஒரு பகுதி மீன்களைக் கொல்லும் அம்மோனியாவாக மாறும். காலை ஏழு மணிக்கு எடுத்த மாதிரியில் இது தெரியாது.

நைட்ரேட் நீக்கம் எப்போதும் முழுமையாக முடிவதும் இல்லை. ஆக்சிஜன் வந்து வந்து போகும் மண்ணில், நைட்ரேட் மிகுந்திருந்தால், அது பாதியில் நின்று நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறலாம். அந்த வாயு 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல 273 மடங்கு வெப்பமூட்டும். ஆகவே கரையின் மேல் வரம்பில்லாமல் நைட்ரஜனை ஏற்றி, அது பார்த்துக்கொள்ளும் என்று விடுவது சரியாகாது.

ஏற்றுவதைக் குறைக்கக் கட்டுமானக் காலமே நல்ல வாய்ப்பு. கழிவுநீர் சரிவில் தானாக ஓட வேண்டும் என்பதால் பல நகரங்களில் பெரிய கழிவுநீர்க் குழாய்கள் தாழ்வான ஆற்றோரத்தில்தான் புதைந்திருக்கின்றன. சுவருக்காகத் தோண்டும்போது அவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பள்ளத்தை மூடுவதற்குள் அந்தக் குழாய்களின் இணைப்புகளைச் சோதித்துக் கசிவை அடைக்கும் வேலையையும் அதே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். சுவர் எழும்பிய பிறகு அந்த இடத்தை மறுபடி திறக்க யாரும் அனுமதிக்க மாட்டார்கள்.